மறதி நோயுள்ள அப்பாவுக்கு எந்த இல்லம்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 78. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அல்சைமர் மறதி நோய் என்று கண்டறிந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, “சங்கு ஊதியாச்சு, டிபன் பாக்ஸ் எங்கே?” என்று கேட்டபடி வாசல் கதவைத் திறக்கப் பார்க்கிறார். சென்ற மாதம் ஒரு நாள் எங்களுக்குத் தெரியாமல் வெளியே போய்விட்டார். இரண்டு மணி நேரம் தேடி, ரயில்வே கேட் அருகே கண்டுபிடித்தோம். இரண்டு மாதங்களாகக் குளிக்க வைக்கப் போனால் அடிக்கிறார். அப்படித் தள்ளியதில் அம்மாவின் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு. நான் திருச்சியிலேயே வங்கியில் வேலை செய்கிறேன். தம்பி பெங்களூரில் இருக்கிறான். அப்பா டோனெபெசில் மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு மாதங்களுக்கு முன்பு அதை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார்கள். சிறுநீர் அடிக்கடி போனதால் மூன்று மாதங்களாக வேறோர் இடத்தில் கொடுத்த ஆக்சிபியூட்டினினும் சாப்பிடுகிறார்.

இரண்டு இல்லங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று ஊருக்கு வெளியே 14 கி.மீ. தொலைவில் உள்ள பொது முதியோர் இல்லம், மாதம் 22,000 ரூபாய். இன்னொன்று சென்னையில் மறதி நோயாளிகளுக்கென்றே நடத்தப்படுவது, ஏ.சி. அறை, கேமரா எல்லாம் உண்டு, மாதம் 55,000 ரூபாய். சென்னைதான் சரி, செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறான் தம்பி. அதற்கு முன்பு அப்பாவிடம் வீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் சேர்த்து ஒரு பவர் எழுதி வாங்கிவிடலாம் என்றும் சொல்கிறான். சித்தப்பாவோ, “அண்ணனை அநாதை மாதிரி ஹோமில் தள்ளப் போறீங்களா?” என்று போனில் சத்தம் போடுகிறார். எந்த இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது, அப்பாவிடம் என்ன சொல்லி அழைத்துப் போவது என்று தெரியவில்லை.

முதியோர் மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை என் கண் நின்ற இடம், மாத்திரைகளைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த இரண்டு வரிகள். இல்லங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு அவற்றைப் பார்த்துவிடுவோம். டோனெபெசில், மூளையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சீக்கிரம் சிதைந்துவிடாமல் காக்கும் மருந்து. அதன் அளவைக் கூட்டும்போது சிலருக்குச் சிறுநீர் அடிக்கடி வரும், அவசரமாகவும் வரும். அது நாங்கள் அறிந்த பக்கவிளைவுதான். அதைப் புதியதொரு நோயாக எண்ணிக் கொடுக்கப்படும் ஆக்சிபியூட்டினினோ அதே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்து. வண்டியின் முன்னால் ஒரு மாட்டையும் பின்னால் ஒரு மாட்டையும் பூட்டிய கதையாக இரண்டும் எதிரெதிரே இழுத்துக்கொண்டிருக்கின்றன. முதியவர்களுக்கு, அதிலும் மறதி நோய் உள்ளவர்களுக்கு, ஆக்சிபியூட்டினின் மனக்குழப்பத்தையும் மலச்சிக்கலையும் கூட்டக்கூடியது. ஆறு மாதங்களுக்கு முன்பு டோனெபெசில் இரட்டிப்பானது, மூன்று மாதங்களுக்கு முன்பு ஆக்சிபியூட்டினின் சேர்ந்தது, இரண்டு மாதங்களாக அடிக்கிறார் என்ற இந்த வரிசை தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் தற்செயல் என்று சொல்லும் பொறுப்பு அவரை நேரில் பரிசோதிக்கும் மருத்துவருடையது. நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு, பொன்மலை ரயில்வே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று மருத்துவர் முன்னால் பரப்பி வையுங்கள். சிறுநீர்த் தொற்று, புராஸ்டேட் வீக்கம், மலச்சிக்கல், பல்வலி, மூட்டுவலி ஆகிய ஐந்தையும் பார்க்கும்படி கேளுங்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத மனிதர், வலியைக் கையால்தான் சொல்வார். டோனெபெசிலை இரவில் சாப்பிட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும், கெட்ட கனவும் வரும். காலைக்கு மாற்றலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

குளியல் விஷயமும் அப்படித்தான். மறதி நோயில் குளியலறை ஓர் அச்சமூட்டும் இடம். ஈரத் தரை, எதிரொலிக்கும் சத்தம், திடீரென்று தலையில் விழும் தண்ணீர், யாரோ ஒருவர் வந்து துணியை அவிழ்க்கிறார் என்ற உணர்வு எல்லாம் ஒரே நேரத்தில் தாக்குகின்றன. வெதுவெதுப்பான நீரைக் காலிலிருந்து ஊற்றிக்கொண்டு மெல்ல மேலே வாருங்கள். இடுப்பில் துண்டு இருந்தபடியே இருக்கட்டும். சொம்பை அவர் கையிலேயே கொடுங்கள். தலைக்கு ஊற்றுவது வாரம் ஒரு முறை போதும், தினமும் குளித்தே ஆக வேண்டும் என்று மருத்துவம் சொல்லவில்லை. இதை இங்கே இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், நீங்கள் பார்க்கப் போகும் இல்லத்தில் முதலில் விசாரிக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று என்பதுதான். “குளிக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். “நாலு பேர் பிடிச்சுக் குளிப்பாட்டிடுவோம், கவலைப்படாதீங்க” என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். “அன்னிக்கு விட்டுடுவோம், சாயந்திரம் வேற ஆள் கேட்டுப் பார்ப்பாங்க” என்று சொன்னால் உட்கார்ந்து பேசலாம்.

மாத்திரையைச் சரிசெய்தால் இல்லமே தேவைப்படாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சினம் ஒருவேளை தணியலாம். நான்கு மணிச் சங்கு ஓயாது. முறிந்த மணிக்கட்டோடு 72 வயதுப் பெண்மணி ஒருவர் இரவும் பகலும் கதவைக் காத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு நெடுநாள் தாங்காது. ஆனால் சினம் தணிந்த பிறகு அவருக்குத் தேவைப்படும் இல்லமும் இன்றைய நிலையில் தேவைப்படும் இல்லமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே மூன்று நான்கு வாரங்கள் கழித்து முடிவெடுங்கள். அதுவரை இரவுக்கு மட்டும் ஓர் ஆண் அட்டெண்டரை வைத்துக்கொள்ளுங்கள். கதவின் மேல்மூலையில், அவர் கண்ணில் படாத உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும்வரை அதில் தவறில்லை. தொலைபேசி எண் பொறித்த ஒரு காப்பையும் அவர் கையில் மாட்டுங்கள்.

இனி இல்லங்களைப் பார்ப்போம். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த எண்ணிக்கையின் பக்கத்தில் வைத்தால் இவர்களுக்கென்றே நடத்தப்படும் இல்லங்கள் மிகச் சொற்பம், அவையும் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கின்றன. எனவே பொது முதியோர் இல்லங்களே இவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. இதனால் சிறப்பு இல்லம் என்று பலகை வைத்தவை எல்லாம் நல்லவை என்றோ, வைக்காதவை எல்லாம் தேறாதவை என்றோ ஆகிவிடாது. பளிங்குத் தரையும் பூட்டிய கதவும் மட்டுமே சிறப்பாக இருந்த சிறப்பு இல்லத்தையும் பார்த்திருக்கிறேன். ஓட்டுக் கட்டடத்தில் மறதி நோயாளிகள் பன்னிருவரை அருமையாகப் பார்த்துக்கொண்ட இரண்டு சகோதரிகளையும் பார்த்திருக்கிறேன். சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனத்தின் மறதி நோய்ப் பிரிவான டெம்கேர்ஸும், 1992-இல் கேரளத்தில் தொடங்கி இன்று பல ஊர்களில் கிளை கொண்டுள்ள ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்னும் அல்சைமர் சங்கமும் குடும்பங்களுக்கு வழிகாட்டுகின்றன. முதியோருக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணிலும் உங்கள் மாவட்டத்தில் உள்ள இல்லங்களைப் பற்றிக் கேட்கலாம்.

பெரும்பாலான குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு இல்லத்தைப் பார்க்கப் போகின்றன. அது எந்த இல்லத்துக்கும் நல்ல நேரம். குளித்து முடித்து, விபூதி பூசி, சலவைச் சட்டை போட்டு எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் வேலை நாளொன்றில் மாலை ஐந்தரைக்கு, சொல்லாமல் போங்கள். மறதி நோயாளிகள் பலருக்குப் பொழுது சாயும் வேளையில்தான் பதற்றம் கூடும். ‘வீட்டுக்குப் போகணும்’ என்ற பேச்சு தொடங்கும். பகல் பணியாளர்கள் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நோயாளியின் குடும்பத்தோடு நானும் அப்படி ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். கூடத்தில் தொலைக்காட்சித் தொடர் ஒன்று உச்சக் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி எட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மூன்றாவது நாற்காலியில் இருந்த பெரியவர் எழ முயல்வதும் உட்காருவதுமாக இருந்தார். கிட்டே போன பிறகுதான் பழைய பருத்திச் சேலையைக் கிழித்த நாடா ஒன்று அவருடைய வயிற்றைச் சுற்றி நாற்காலியின் முதுகில் முடிச்சிடப்பட்டிருந்தது தெரிந்தது. விழுந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் என்று மேலாளர் சொன்னார், உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். அந்தப் பெரியவருக்குக் கழிப்பறை போக வேண்டியிருக்கிறதா என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. உடன் வந்திருந்த பெண் கேட்டார். போக வேண்டியிருந்தது.

கட்டி வைப்பதைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவாற்றலிலும் இடம் பொருள் அறிவதிலும் ஏற்படும் கடுமையான குலைவையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டு வருகிறது. அத்தகையவர்களைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இடங்கள் பதிவு பெற வேண்டும் என்கிறது. சங்கிலியிடுவதை அது அடியோடு தடைசெய்கிறது. உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்காமல் கட்டுப்படுத்தலாம். அதையும் பதிவேட்டில் எழுதி, நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது சிகிச்சை முடிவுகளில் அவர் சார்பில் துணை நிற்பவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் அப்பாவின் நியமனப் பிரதிநிதி யார் என்பதை இல்லத்தில் சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இல்லம் சமூக நலத்துறையில் முதியோர் இல்லமாக மட்டும் பதிவு பெற்றதா, மாநில மனநல ஆணையத்திலும் பதிவு பெற்றதா என்று கேட்டுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழைக் கேட்டதும் முகம் மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள். எனக்கு அது சான்றிதழைவிட அதிகம் சொல்லும்.

வெளியே போய்விடுபவர்களுக்காகக் கிரில் கதவைப் பூட்டி வைப்பது இந்த இல்லங்களில் வழக்கம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகையில் பற்றிய தீயில் கருகியதை அறிந்த நாம், பூட்டைப் பார்த்தால் சாவி எங்கே என்று கேட்காமல் வரக்கூடாது. இரவில் சாவி யாரிடம் இருக்கும், அவர் எந்த அறையில் படுப்பார், வெளியேற இரண்டாவது வழி உண்டா, அந்த வழியில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைக்கும் கேள்வி ஒன்று உண்டு: இரவு இரண்டு மணிக்கு இந்தக் கட்டடத்தில் விழித்திருப்பவர் யார்? “யாராவது இருப்பாங்க” என்பது பதிலாகாது. இந்த வாரத்துக்கான பணிப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பகலில் நான்கைந்து நோயாளிகளுக்கு ஒருவர், இரவில் எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் விழித்திருக்கும் பணியாளர்கள் இருந்தால் எனக்கு நிறைவு. இது என் அனுபவக் கணக்குத்தான், சட்டக் கணக்கு இல்லை. அந்த இரவுப் பணியாளருக்குத் தமிழ் தெரியுமா என்றும் கேளுங்கள். இன்று நம் ஊர் இல்லங்கள் பலவற்றில் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். கை சுத்தம், பொறுமையும் அதிகம். அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் அப்பா நான்கு மணிக்கு எழுந்து, “சங்கு ஊதியாச்சு” என்று சொல்லும்போது, அது பூஜைச் சங்கும் இல்லை, சாவுச் சங்கும் இல்லை, பணிமனைச் சங்கு என்று புரிந்துகொண்டு, “இன்னிக்கு உங்களுக்கு வீக்லி ஆஃப், காபி குடிச்சிட்டுப் படுங்க” என்று சொல்லக்கூடிய ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் ஒரு தூக்க மாத்திரையை மிச்சப்படுத்தும்.

தூக்க மாத்திரை என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். “எங்க இல்லத்துல எட்டு மணிக்கெல்லாம் எல்லாரும் தூங்கிடுவாங்க” என்று ஓர் இல்லம் சொன்னால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது மறதி நோயாளிகள் இயல்பாக எட்டு மணிக்குத் தூங்குவதில்லை. குவெடியாபின், ரிஸ்பெரிடோன், ஒலான்ஸபின், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளை நாங்களும் தேவைப்படும்போது குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு எழுதுகிறோம். ஆனால் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. முதலில் புதிய வகை மருந்துகளுக்கும், 2008-இல் ஹாலோபெரிடால் போன்ற பழையவற்றுக்கும். உங்கள் கையெழுத்து இல்லாமல் இந்த வகை மாத்திரை எதையும் தொடங்கக்கூடாது என்று சேர்க்கை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள். மாதம் ஒரு முறை மருந்துப் பட்டியலைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். போனவாரம் வரை நடந்தவர் இந்த வாரம் சாய்ந்து உட்கார்ந்து எச்சில் வடிக்கிறார் என்றால் நோய் முற்றிவிட்டது என்று சொல்வார்கள். முதலில் மருந்துப் பட்டியலைப் பாருங்கள், அடுத்துச் சிறுநீரைப் பரிசோதியுங்கள்.

ஒரு வேளைச் சாப்பாட்டையும் இருந்து பாருங்கள். ஊட்டுபவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டா? நின்று ஊட்டினால் சாப்பிடுபவர் தலையை அண்ணாந்தாக வேண்டும். அண்ணாந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போக வழியாகும். மறதி நோயாளிகளின் உயிரைக் கடைசியில் கொண்டுபோவது பெரும்பாலும் அப்படி வரும் நிமோனியாதான். எல்லோருக்கும் ஒரே கூழாகக் கரைத்து வைத்திருக்கிறார்களா, கடிக்க முடிந்தவருக்கு இட்லியை இட்லியாகத் தருகிறார்களா என்பதும் ஓர் அடையாளம். எடையை மாதந்தோறும் எழுதி வைக்கிறார்களா என்று கேளுங்கள், போதும். மற்றபடி ஏ.சி., கேமரா, தோட்டம் இவற்றைப் பற்றி நான் அதிகம் கவலைப்படமாட்டேன். கேமராவில் விழுவது தெரியும். விழாமல் பிடிப்பதற்கு ஆள் வேண்டும்.

கட்டணத்தைப் பேசும்போது, எதெல்லாம் அதில் அடங்காது என்று எழுத்தில் வாங்குங்கள். டயப்பர், மருந்து, பிசியோதெரபி, ஆம்புலன்ஸ், தனி அட்டெண்டர் எல்லாம் சேர்ந்தால் 22,000 என்பது 35,000 ஆகலாம். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் கூட இருப்பது இல்லத்தின் ஆளா, உங்கள் வீட்டு ஆளா? முன்பணம் எவ்வளவு, இரண்டு மாதத்தில் அழைத்துக்கொண்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இவற்றோடு, கேட்கத் தயங்கிக் குடும்பங்கள் விட்டுவிடும் கேள்வியையும் கேளுங்கள்: அப்பா நடக்க முடியாமல் படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வீர்களா? மூக்குக் குழாய் வழியாக உணவு என்ற நிலை வந்தால்? கடைசிக் காலம் வரையா? படுக்கையில் விழுந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லாத இல்லங்கள், அந்தக் கட்டத்தில், “வந்து கூட்டிட்டுப் போங்க” என்று ஒரே வாரத்தில் சொல்லிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். சொல்லக்கூடாது என்று நான் கூறவில்லை, முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்றுதான் வருந்துகிறேன்.

இப்போது உங்கள் இரண்டு இல்லங்கள். உங்கள் கடிதத்தில் தம்பியின் கருத்து இருக்கிறது, சித்தப்பாவின் சத்தம் இருக்கிறது, உங்கள் தவிப்பு இருக்கிறது. அம்மா என்ன நினைக்கிறார் என்று ஓரிடத்திலும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு அருகில் சேர்ந்து வாழ்ந்தவர் அவர். சென்னை 300 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. மூட்டுவலியோடு அவரால் ஆண்டுக்கு எத்தனை முறை போக முடியும்? 14 கி.மீ. என்றால் டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து வாரம் இரண்டு முறை போய், கையோடு கொண்டுபோன ரசம் சாதத்தைத் தானே ஊட்டிவிட்டு வருவார். நீங்களும் வங்கி முடிந்து சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கலாம். எந்தப் பதிவுச் சான்றிதழையும்விட, எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்கக்கூடிய மகள் ஒருத்தி இருப்பதே ஓர் இல்லத்தை ஒழுங்காக வைத்திருக்கும். எனவே என் சாய்வு அருகிலுள்ள இல்லத்தின் பக்கம்தான். ஆனால் மேலே சொன்ன மாலை நேரப் பரிசோதனையில், குறிப்பாக இரவுப் பணியாள், கட்டிவைத்தல், மருந்து ஆகிய மூன்றிலும் அது தேற வேண்டும். தேறினால் முதலில் பதினைந்து நாள் தற்காலிகத் தங்கலாகக் கேளுங்கள். தம்பி தருவதாகச் சொன்ன பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, அதே இல்லத்தில் இரவுக்கென்று தமிழ் பேசும் தனி அட்டெண்டரை அனுமதிப்பார்களா என்று பேசிப் பாருங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தேறாவிட்டால் சென்னைக்குத் தாவுவதற்கு முன்பு தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டைப் பக்கம் தேடுங்கள். அங்கும் அமையாமல் சென்னைதான் என்றானால், அம்மாவும் சென்னையிலேயே, அப்பாவுக்கு அருகில் தங்க ஒரு ஏற்பாட்டைத் தம்பி செய்ய வேண்டியிருக்கும்.

பவர் விஷயத்தில் தம்பியைத் தடுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். எல்லாக் குடும்பங்களிலும் இந்த யோசனை வரும். ஆனால் எழுதிக் கொடுப்பது இன்னதென்று புரிந்துகொள்ளும் நிலையில் இல்லாதவரிடம் பெறும் கையெழுத்து செல்லாது. முன்பே நல்ல நிலையில் எழுதிக் கொடுத்த பவர்கூட, கொடுத்தவர் மனநிலை குலைந்தால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி முடிவுக்கு வந்துவிடும். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டிய நிலை வந்தால் பாதுகாவலர் நியமனத்துக்கு உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். வழக்கறிஞர் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். ஓய்வூதியக் கணக்கு அம்மாவோடு கூட்டுக் கணக்காக இருக்கிறதா என்று பாருங்கள், இதை வங்கியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் மாத வாழ்நாள் சான்றைக் கைபேசியில் முகப்பதிவு மூலமே முடித்துவிடலாம் என்பதால், இல்லத்தில் சேர்ப்பது ஓய்வூதியத்துக்குத் தடையாகாது.

அப்பாவிடம் என்ன சொல்வது? ஒரு மாதத்துக்கு முன்பே உட்கார வைத்து விளக்க வேண்டாம். விளக்கம் மறந்துபோகும், அது தந்த பயம் மட்டும் தங்கிவிடும். அன்று காலையில், சிற்றுண்டிக்குப் பிறகு, “அம்மாவுக்குக் கை சரியாகிற வரைக்கும் இங்கே இருக்கப் போறீங்க, நாங்க வந்துகிட்டே இருப்போம்” என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட. ‘டாக்டரைப் பார்த்துட்டு உடனே வந்துடலாம்’ என்று மட்டும் சொல்லி ஏமாற்றாதீர்கள். சொற்கள் மறந்தாலும், இந்த முகத்தை நம்பக்கூடாது என்ற உணர்வு சில சமயம் ஒட்டிக்கொள்ளும். புதுத் தலையணை, புது வேட்டி என்று வாங்க வேண்டாம். அவருடைய பழைய தலையணை, பழைய போர்வை, காபி குடிக்கும் டம்ளர், விபூதிச் சம்புடம், அந்த டிபன் பாக்ஸ் ஆகியவை போகட்டும். டிபன் பாக்ஸைப் பற்றி இல்லத்தாரிடம் தனியாகச் சொல்லுங்கள். விடியற்காலையில் அதில் இரண்டு பிஸ்கட் போட்டு அவர் கையில் கொடுத்து, கூடத்தில் இரண்டு சுற்று நடக்க விட்டால், அநேகமாக ஷிப்ட் முடிந்துவிடும்.

கூடவே ஒரு முழுத்தாளில் அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்தக் காதில் நன்றாகக் கேட்கும், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் என்ன சாடை காட்டுவார், எதைச் சொன்னால் கோபம் வரும், பணிமனையில் எந்தப் பிரிவில் இருந்தார், யாரைத் தேடி அழுவார் என்றெல்லாம் எழுதுங்கள். அந்தத் தாளை மேலாளர் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால் பயனில்லை. கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள்.

முதல் நான்கைந்து வாரங்கள் கடினமாக இருக்கும். எடை குறையலாம், தூக்கம் கெடலாம், உங்களைப் பார்த்ததும் வீட்டுக்குக் கிளம்ப எழுந்து நிற்பார். ‘ஒரு மாதம் யாரும் வராதீங்க, அப்பத்தான் செட் ஆவார்’ என்று சில இல்லங்களில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரும் பார்க்காத ஒரு மாதம் நோயாளியைவிட இல்லத்துக்கே வசதி. அடிக்கடி போங்கள், அரை மணி நேரம் இருங்கள், கிளம்பும் நேரம் அவர் சாப்பிட உட்காரும் நேரமாக இருக்கட்டும். தட்டு முன்னால் வந்துவிட்டால் வாசலில் நின்று விடைபெறும் காட்சிக்கு அவசியம் இருக்காது.

சித்தப்பாவுக்குப் பதில் சொல்லிச் சொல்லி நீங்கள் களைத்திருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அவரோடு வாதாட வேண்டாம். அண்ணன்மீது அவருக்கு இருக்கும் பாசம் பொய்யானதாகவும் இருக்காது. வருகிற சனிக்கிழமை இரவு உங்கள் வீட்டுக்கு வந்து அண்ணனோடு ஒரே அறையில் படுத்துக்கொள்ளும்படி அவரை அழையுங்கள். வந்தாரானால் அந்த ஓர் இரவாவது உங்கள் அம்மா கதவைக் காக்காமல் தூங்குவார்.